கிடாரிக் கன்று வேண்டுமென்றால்: தோட்டப்புறத்து மாடு வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிப் பால் மாடு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பால் விலைக்கு அடுத்தபடியாக அவர்கள் குறைப்பட்டுக்கொள்வது காளைக்கன்றுகளைப் பற்றித்தான். ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்து, தலை ஈத்து மாடு நள்ளிரவில் ஈன்று, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் காளைக்கன்றாக இருக்கும். அடுத்த ஈத்திலும் அதுவே நடக்கும். லயன் வீடுகளுக்குப் பின்னால் பால்மரக் காட்டில் மாடுகளை ஓட்டிவிட்டு வளர்த்த காலத்தில், ஒரு காளைக்கன்று கூடுதலாக நின்றால் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு மேய்ச்சலுக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருக்கிறது. கொட்டகை நிற்கும் நிலமோ பலருக்குச் சொந்தமில்லை. பன்னிரண்டு மாட்டுக்கு மேல் கட்ட இடமில்லாத ஒருவரிடம் காளைக்கன்று ஒன்று வளர்கிறது என்றால், ஒரு கிடாரி, அதாவது பெண் கன்று, வளர வேண்டிய இடம் போய்விட்டது என்று பொருள்.

கன்றின் பாலினத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க இன்று நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. பாலினம் பிரித்த உறைவிந்தைக் கொண்டு செயற்கை முறையில் கருவூட்டுவதுதான் அது. நம்மவர்கள் இதைக் ‘கிடாரி ஊசி’ என்கிறார்கள். உறைவிந்து அடைத்த மெல்லிய குழலான அந்த விந்துக்குச்சியை வாங்கிவிட்டாலே கிடாரி கிடைத்துவிடும் என்று நம்பி, நான் முதன்முதலில் வாங்கிய நான்கு குச்சிகளையும் வீணடித்தேன். குச்சியால் ஆவது பாதி வேலைதான் என்பதும், எந்த மாட்டுக்கு, எந்த மணிக்கு என்ற இரண்டு கேள்விகளில்தான் மீதிப் பாதி இருக்கிறது என்பதும் அதன் பிறகே எனக்குப் புரிந்தன. ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நம்பிக்கைகளை முதலில் ஒதுக்கி வைப்போம்

மாட்டின் உடல் அணுக்களில் 60 குரோமோசோம்கள், அதாவது 30 இணைகள், இருக்கின்றன. அவற்றில் ஓர் இணைதான் பாலினத்தை முடிவு செய்கிறது. பசுவின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே இருக்கும். காளையின் விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய் இருக்கும். எக்ஸ் சுமந்த விந்தணு முட்டையைச் சேர்ந்தால் கிடாரி, ஒய் சுமந்தது சேர்ந்தால் காளை. பசு காளையாகவே போடுகிறது என்று பசுவைத் திட்டுவதில் நியாயமில்லை.

காலையில் ஊசி போட்டால் கிடாரி, மாலையில் போட்டால் காளை. வளர்பிறையில் சேர்த்தால் கிடாரி. பசு இடப்பக்கம் படுத்தால் கிடாரி. சோடா உப்புக் கரைசலால் கழுவிவிட்டால் கிடாரி என்றெல்லாம் தோட்டப்புறத்தில் பல வழக்குகள் உண்டு. இவற்றுள் ஊசி போடும் நேரத்தைப் பற்றிய கருத்தை ஆய்வாளர்களும் பலமுறை சோதித்திருக்கிறார்கள். நம்பி நடக்கும் அளவுக்கு உறுதியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இருந்தும் இந்த நம்பிக்கைகள் சாகாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. ஒருவர் கொட்டகையில் தொடர்ந்து ஐந்தும் கிடாரியாகவே பிறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 32-இல் ஒன்று. ஒரு வட்டாரத்தில் 32 கொட்டகைகள் இருந்தால், எந்த வித்தையும் செய்யாமலே அவற்றில் ஒன்றில் அது நடந்துவிடக்கூடும். அந்த ஒருவரின் முறையைத்தான் ஊரே பேசும். மற்ற 31 பேர் அதே முறையைச் செய்து பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

இயற்கையில் பிறக்கும் நூறு கன்றுகளில் காளைகள் 51 அளவில் இருக்கும். தீனியைக் கொண்டோ நேரத்தைக் கொண்டோ அந்த எண்ணை நீங்கள் நினைத்தபடி மாற்ற முடியாது. குச்சிக்குள் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

குச்சிக்குள் என்ன நடந்திருக்கிறது

இதைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுப் பசிக்காக அன்று. பின்னால் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

எக்ஸ் சுமந்த மாட்டு விந்தணுவில், ஒய் சுமந்ததைவிட மரபுப்பொருள் ஏறக்குறைய 3.8 விழுக்காடு கூடுதலாக இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர் இந்தச் சிறு வேறுபாட்டைப் பயன்படுத்தி விந்தணுக்களைப் பிரித்து, 1989-இல் முயல்களில் குட்டிகளைப் பெற்றுக் காட்டினார்கள். மரபுப்பொருளோடு ஒட்டும் சாயம் ஒன்றை விந்தில் கலந்து, ஒவ்வொரு விந்தணுவையும் லேசர் ஒளியின் முன் ஓடச் செய்தால், எக்ஸ் சற்றுக் கூடுதலாக ஒளிரும். அந்த ஒளியை அளந்து, விந்தணு இருக்கும் நுண்துளிக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்தகடுகளுக்கு இடையே விழும்போது ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் விலக்கிவிடுகிறார்கள். மாடுகளுக்கு இது 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஒய் சுமந்த அணுக்களை விலக்குவதற்குப் பதிலாக லேசரால் செயலிழக்கச் செய்யும் முறையும் 2017 முதல் சந்தையில் இருக்கிறது. 2024-இல் இந்தியாவும் சொந்தத் தொழில்நுட்பத்தில் பிரித்த விந்தை வெளியிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பிரிப்பு முழுமையானதல்ல; நூற்றுக்கு 90 அளவில்தான் கிடாரி. இரண்டாவது, சாயம், லேசர், அழுத்தம், பிறகு உறைநிலை என்று இத்தனையையும் தாண்டி வந்த விந்தணு களைத்துப்போயிருக்கும், எண்ணிக்கையும் குறைவு. சாதாரணக் குச்சி ஒன்றில் 1.5 கோடி முதல் 2 கோடி விந்தணுக்கள் வரை இருக்கும். பிரித்த குச்சியில் நீண்ட காலம் 20 லட்சமே வைத்தார்கள். இப்போது சில நிறுவனங்கள் 40 லட்சம் வைக்கின்றன. அதனால் சினை பிடிக்கும் விகிதம் சாதாரண விந்தைவிடக் குறையும். பழைய கணக்குப்படி சாதாரண விந்து பத்துச் சினை கொடுத்த இடத்தில் பிரித்த விந்து ஏழோ எட்டோ கொடுத்தது. புதிய குச்சிகளில் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனால் அந்த எண்கள் நல்ல தீனியும் நல்ல பராமரிப்பும் உள்ள பண்ணைகளில் எடுத்தவை. நம் ஊரின் புழுக்கத்தில், கையால் புல் அறுத்துப் போடும் கொட்டகையில், அதே எண்ணை எதிர்பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

முதற்படி: உங்களுக்கு எத்தனை கிடாரி தேவை?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. இருபது கறவை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். வயதானது, மடி நோய் வந்தது, சினை பிடிக்காதது என்று ஆண்டுக்கு நான்கைக் கழிக்கிறீர்கள். பிறக்கும் கிடாரிகளில் ஐந்தில் ஒன்று வளர்வதற்குள் இறந்துவிடுகிறது என்றால், ஆண்டுக்கு ஐந்து கிடாரி பிறந்தாலே உங்கள் மந்தை குறையாது. ஆண்டில் 14 மாடு கன்று போட்டால், சாதாரண ஊசியிலேயே ஏழு கிடாரி வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கிடாரி ஊசி தேவையில்லை. கன்றுக் கழிச்சலில் சாகும் கிடாரிகளைக் காப்பாற்றினால் அதைவிட அதிக லாபம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை வயிறு நிறையக் குடிக்க வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கிடாரி ஊசி யாருக்குத் தேவை? மந்தையைப் பெருக்க நினைப்பவருக்கும், இடம் குறைவாக இருந்து காளைக்கன்றை வளர்க்க முடியாதவருக்கும், ஒரு நல்ல பால் வம்சத்திலிருந்து மட்டும் கன்று எடுக்க நினைப்பவருக்கும் தேவை. மூன்றாமவருக்குத்தான் அதிகப் பயன் என்பது என் கருத்து. பத்து மாட்டில் இரண்டு மாடு நாளுக்குப் பதினைந்து லிட்டர் தருகிறது, மற்றவை ஏழு, எட்டு என்றால், அந்த இரண்டின் கிடாரிகளைக் கொண்டு மந்தையை மாற்றுவதுதான் விவேகம்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். சாதாரணக் குச்சி 20 வெள்ளி (ரிங்கிட்), பிரித்த குச்சி 100 வெள்ளி, ஊசி போடுபவரின் கூலி ஒவ்வொரு முறையும் 30 வெள்ளி. சாதாரண ஊசியில் நூற்றுக்கு 50 சினை பிடித்து, அதில் 49 விழுக்காடு கிடாரி என்றால், ஒரு கிடாரிக்கு நான்கு ஊசிக்குச் சற்று மேல் ஆகும். செலவு 204 வெள்ளி. பிரித்த ஊசியில் நூற்றுக்கு 40 சினை பிடித்து, அதில் 90 விழுக்காடு கிடாரி என்றால், ஒரு கிடாரிக்கு மூன்று ஊசிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். செலவு 361 வெள்ளி. ஆக, ஒரு கிடாரிக்கு 157 வெள்ளி கூடுதல். இதோடு, சாதாரண ஊசியில் அந்தக் கிடாரியுடன் ஏறத்தாழ ஒரு காளைக்கன்றும் கிடைக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் காளைக்கன்றுக்கு விலை இல்லை என்று சொல்ல முடியாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வளர்ந்த காளைக்கு நல்ல விலை கிடைக்கும். அதுவரை இரண்டு ஆண்டுக்கு மேல் தீனி போட்டு வளர்க்க இடம் வேண்டும், கையில் பணம் வேண்டும். நம்மில் சிலருக்கு, தன் கொட்டகையில் பிறந்ததை வெட்டுக்கு அனுப்ப மனமும் வருவதில்லை. இந்த மூன்றும் இருப்பவர் காளைக்கன்றை நட்டம் என்று எழுதக்கூடாது. இல்லாதவருக்கு 157 வெள்ளி பெரிய தொகை அன்று.

இரண்டாம் படி: மாட்டைத் தேர்ந்தெடுப்பது

நான் வீணடித்த நான்கு குச்சிகளின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல பால் கொடுத்தவை என்பதற்காக நான்கு மாடுகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று எட்டாம் ஈத்து முடித்த கிழம். ஒன்றுக்குப் போன ஈத்தில் நஞ்சுக்கொடி விழாமல் கையால் எடுத்திருந்தோம். மற்ற இரண்டும் மூன்று முறைக்கு மேல் ஊசி போட்டும் சினை நிற்காதவை. நான்கும் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டன. விந்து சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு என் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அந்த நான்கிற்கும் எந்த விந்தைப் போட்டிருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும் என்பது தெரிந்தது. நிற்காத மாட்டை நிறுத்துவதற்காகக் கிடாரி ஊசி போடுவது, ஓட்டைப் பானையில் நெய் ஊற்றுவது போன்றது.

களைத்த விந்துக்கு வளமான கருப்பை வேண்டும். அந்த வளம் மிகுதியாக இருப்பது இன்னும் கன்று போடாத கிடாரிகளிடம்தான். அவற்றுக்குப் பால் கறக்கும் சுமை இல்லை. கருப்பையில் பழைய நோயின் வடு இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. கிடாரிக் கன்று பிறக்கும்போது காளைக்கன்றைவிட எடை சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், தலை ஈத்து மாட்டுக்கு ஈனும் சிரமம் குறைகிறது.

கிடாரியின் வயதைவிட எடையே முக்கியம். வளர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். நம்மிடம் உள்ள ஃப்ரீசியன் சாகிவால் கலப்பான மாஃப்ரிவால் மாடுகள் வளர்ந்து 400 கிலோ வருமானால், கிடாரி 240 முதல் 260 கிலோவில் இருக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால், முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கும் எடை நாடாவைப் பயன்படுத்தலாம். இரண்டு பருவமாவது முறையாக வந்து போனதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

கறவை மாடுகளில், முதல் அல்லது இரண்டாம் ஈத்து முடித்து, கன்று போட்டு 60 நாளாவது ஆனவற்றை எடுக்கலாம். விலா எலும்பு எண்ணும்படி தெரிகிற மாட்டுக்கும், நொண்டுகிற மாட்டுக்கும், பருவத்தின்போது கலங்கிய அல்லது சீழ் கலந்த கோழை வடிகிற மாட்டுக்கும் போடவே கூடாது. அவற்றுக்கு முதலில் தேவை கால்நடை மருத்துவர்.

மூன்றாம் படி: ஆறு வாரத் தயாரிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் நல்ல மாட்டுக்காரர் யாருக்கும் இது புதிதன்று. ஊசிக்கு ஆறு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். கோமாரித் தடுப்பூசி போட வேண்டியிருந்தால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள். ஊசி போடும் வாரத்தில் எந்தத் தடுப்பூசியும் வேண்டாம். வெறும் நேப்பியர் புல்லும் சோயாச் சக்கையும் போதாது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் தாது உப்பும் சேர வேண்டும். தீனியைத் திடீரென மாற்றாதீர்கள்.

புழுக்கத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிற்பகல் வெப்பம் 32 பாகை, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பச் சுமைக் குறியீடு 86-ஐத் தொடும். அது 72-ஐத் தாண்டும்போதே ஃப்ரீசியன் இரத்தம் மிகுந்த மாடு சிரமப்படத் தொடங்கும் என்பது பொதுவான அளவுகோல். ஊசி போட்ட நாளையும் அதை அடுத்த முதல் வாரத்தையும் இந்த வெப்பம் கடுமையாகப் பாதிக்கும். துத்தநாகத் தகடு வேய்ந்த தாழ்ந்த கூரையின் கீழ் நண்பகலில் நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள். கூரையை உயர்த்த முடியாவிட்டாலும், மேலே ஓலை பரப்பி, ஒரு மின்விசிறியும் எந்நேரமும் குளிர்ந்த குடிநீரும் வைத்தாலே மாடு மூச்சு வாங்குவது குறையும்.

நான்காம் படி: பருவத்தைப் பிடிப்பது

இந்த வேலையில் பலரும் தோற்பது இங்குதான்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. 18 முதல் 24 நாள்வரை இயல்பு. உறுதியான அடையாளம் ஒன்றே ஒன்று: வேறொரு மாடு தன் மேல் ஏறும்போது விலகாமல் நிற்பது. கத்துவது, பால் குறைவது, தீனியை ஒதுக்குவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, கண்ணாடி போன்ற கோழை வாலில் ஒட்டியிருப்பது எல்லாம் துணை அடையாளங்கள்தாம். நம் கொட்டகைகளில் மாடுகள் நாள் முழுவதும் கட்டுத்தறியிலேயே நிற்பதால், மேலே ஏறுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. உறுதியான அடையாளத்தையே நாம் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். காலையிலும் மாலையிலும் இருபது நிமிடம் வேலியிட்ட சிறு முற்றத்தில் அவிழ்த்துவிடுங்கள். வால் அடியில் சுண்ணாம்போ வண்ணமோ பூசிவைத்தால், இரவில் வேறு மாடு ஏறியிருந்தால் அது அழிந்திருக்கும்.

நம் சீதோஷ்ணத்தில் பருவம் நீடிப்பது குறைவு. சாகிவால் இரத்தம் மிகுந்த மாட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். பெரும்பாலும் குளிர்ந்த இரவில்தான் தொடங்கும். ஆகவே காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி, இரவு பத்து மணி என நான்கு வேளை பார்க்க வேண்டும். பால் கறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது பார்ப்பது ஆகாது. அப்போது மாட்டின் கவனம் தீவனத் தொட்டியில் இருக்கும், உங்கள் கவனம் வாளியில் இருக்கும்.

ஒரு குறிப்பேடு போடுங்கள். மாட்டின் எண், பருவம் முதலில் கண்ட நாள், மணி, அதற்கு முன் கடைசியாகப் பார்த்தபோது அடையாளம் இல்லாத மணி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்காவது ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். பருவம் முடிந்து ஓரிரண்டு நாளில் வாலில் இரத்தக் கறை தெரிந்தால், பருவத்தைத் தவறவிட்டீர்கள் என்று பொருள். அன்று ஊசி போட்டுப் பயனில்லை. அதிலிருந்து 18 அல்லது 19 நாள் எண்ணி அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள்.

மருந்து கொடுத்துப் பல மாடுகளை ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் செய்யலாம். ஆனால் அதில் வெளிப்படையாகப் பருவம் காட்டிய மாட்டுக்கு மட்டும் கிடாரி ஊசியைப் போட்டு, காட்டாதவற்றுக்குச் சாதாரண ஊசி போடுவதே சிக்கனம். இதற்குப் பயன்படும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து சினை மாட்டுக்குப் போனால் கரு கலைந்துவிடும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்துக் குப்பியைத் தொடவே கூடாது. அது தோல் வழியாகவே உடலில் ஊறக்கூடியது.

ஐந்தாம் படி: எந்த மணிக்குப் போடுவது

காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்பது 1940-களிலிருந்து வழங்கிவரும் விதி. சாதாரண விந்துக்கு அது இன்றும் சரி. பிரித்த விந்துக்கு அது சற்று முந்திவிடுகிறது.

காரணம் இதுதான். பருவம் தொடங்கி ஏறத்தாழ 28 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவருகிறது. சாதாரண விந்தணு கருப்பையில் ஒரு நாள் காத்திருக்கும் வலிமை உடையது. பிரித்த விந்தணுவுக்கு அந்த ஆயுள் இல்லை. எனவே முட்டை வரும் நேரத்தை ஒட்டி அதை உள்ளே விட வேண்டும். பருவம் தொடங்கியதிலிருந்து 16 முதல் 24 மணி நேரத்துக்குள் போடுவதே நல்ல பலன் தருகிறது. இங்கே ‘தொடங்கியது’ என்பது நீங்கள் பார்த்த மணி அன்று. அதற்காகத்தான் அடையாளம் இல்லாத கடைசி மணியையும் எழுதச் சொன்னேன்.

ஓர் எடுத்துக்காட்டு. இரவு பத்து மணிக்கு அடையாளம் இல்லை. காலை ஆறு மணிக்கு நிற்கிறது. நடுவில் இரண்டு மணிக்குத் தொடங்கியது என்று வைத்தால், ஊசி போட வேண்டிய நேரம் மாலை ஆறு மணியிலிருந்து பின்னிரவு இரண்டு மணிவரை. அந்த நேரத்தில் ஊசி போடுபவர் கிடைப்பாரா? கால்நடைச் சேவைத் துறையின் ஆளானாலும் தனியாரானாலும் அவருக்கும் வீடு, குடும்பம் உண்டு. மாறாக, நண்பகலில் அடையாளம் இல்லாமல் மாலை ஆறு மணிக்கு நின்றால், மூன்று மணி அளவில் தொடங்கியதாகக் கொள்ளலாம். ஊசிக்குரிய நேரம் மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை. அவர் வரும் நேரமும் அதுவே, மாட்டுக்குரிய நேரமும் அதுவே.

எனவே நான் கடைப்பிடிப்பது இது: மாலையில் பருவம் கண்ட மாட்டுக்குக் கிடாரி ஊசி, காலையில் கண்ட மாட்டுக்கு அன்று மாலை சாதாரண ஊசி. இரவில் வரக்கூடிய ஊசிக்காரர் உங்களுக்கு இருந்தால் இந்தப் பிரிவினை தேவையில்லை. இல்லாதவர்கள், காலைப் பருவத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்கே அவசரப்பட்டுப் பிரித்த குச்சியைப் போட்டுவிட்டு விதியை நோவதைவிட இது மேல்.

ஆறாம் படி: ஊசி போடும் நாள்

இங்கே வேலை செய்யும் கை உங்களுடையதாக இருக்காது. இருந்தாலும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரித்த விந்தைப் போடுபவர் அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும்; கற்றுக்கொள்பவர் சாதாரணக் குச்சியில் கற்றுக்கொள்ளட்டும். குளுவாங்கிலேயே மலேசியக் கால்நடை மருத்துவப் பயிற்சிக் கழகம் இருப்பது நம் வட்டாரத்தின் அதிர்ஷ்டம்; உங்கள் பிள்ளைகளில் ஒருவரை இந்தக் கலையைக் கற்க அனுப்புவது நல்ல முதலீடு.

உறைவிந்து திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 பாகையில் இருக்கிறது. குச்சியைத் தேடுவதற்காகக் கலத்தின் வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் சில நொடிகளிலேயே உறைந்த விந்தணு சேதமடையத் தொடங்கும். கலத்தின் கழுத்துக்குக் கீழேயே வைத்து, இடுக்கியால் சட்டென எடுக்க வேண்டும். எடுத்ததை 35 முதல் 37 பாகைச் சுடுநீரில் 45 நொடி வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் ‘கை பொறுக்கும் சூடு’ என்று குத்துமதிப்பாகச் செய்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு குச்சியை நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு துளி நீர் உள்ளே போனாலும் விந்தணு செத்துவிடும். துடைக்கும்போது குச்சியில் அச்சிட்டிருக்கும் காளையின் பெயர், எண், பிரித்த விந்து என்ற குறி ஆகியவற்றைப் பார்த்து உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உருகியதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் மாட்டினுள் சேர்ந்துவிட வேண்டும். ஆகவே மாட்டை முதலில் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் குச்சியை எடுக்க வேண்டும்.

விந்தைக் கருப்பைக் கழுத்தைத் தாண்டியவுடன் கருப்பையின் உடற்பகுதியில் மெதுவாக விட வேண்டும். மாட்டை ஓட்டி, விரட்டி, அடித்து, மூச்சு வாங்க நிறுத்திப் போடும் ஊசி பெரும்பாலும் நிற்பதில்லை. போட்ட பிறகு நிழலில் தண்ணீர் காட்டி அமைதியாக விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த குச்சி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். விந்து இறக்குமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். நாட்டுக்குள் வரும் இடத்தில் அதிகாரிகள் அதைச் சோதிக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, விந்தோடு சேர்ந்து வரும் நோய் ஒரு கொட்டகையோடு நிற்காது.

ஏழாம் படி: ஊசிக்குப் பின்

ஊசி போட்ட 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள்வரை மறுபடி நான்கு வேளையும் பாருங்கள். பருவத்துக்கு வந்தால், கிடாரியாக இருந்து நேரமும் சரியாக அமைந்திருந்தால் இன்னொரு பிரித்த குச்சி போடலாம். அதுவும் நிற்காவிட்டால் மூன்றாவது முறை சாதாரண ஊசிக்கு மாறிவிடுங்கள். கிடாரி வேண்டும் என்ற பிடிவாதத்தில் மாட்டைச் சும்மா நிறுத்திவைக்கும் ஒவ்வொரு மாதமும் பாலாகவும் தீனியாகவும் போகிறது. குச்சியின் விலையைவிட அந்தச் சும்மா நின்ற நாள்களின் விலை அதிகம். யாரும் அதை எழுதிவைப்பதில்லை என்பதால் தெரிவதில்லை.

பருவத்துக்கு வராவிட்டால் சினை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 60 நாள் ஆனதும் கைவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் கருவி உள்ள மருத்துவர் கிடைத்தால், 60-ஆம் நாளை ஒட்டிய சில வாரங்களில் கருவின் பாலினத்தையே பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் காளை என்று தெரிந்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? சினை மாட்டை விற்கும்போது ‘கிடாரிச் சினை’ என்று கூடுதல் விலை கேட்பவருக்குத்தான் அதனால் பயன்.

எட்டாம் படி: கன்று பிறந்த பின்

ஏறக்குறைய 280 நாளில், சாகிவால் கலப்பில் இன்னும் சில நாள் தள்ளி, கன்று பிறக்கும். பத்தில் ஒன்று காளையாகத்தான் இருக்கும். முதல் கன்றே அந்த ஒன்றாக இருக்கலாம். மூன்று கன்று பிறந்து அதில் ஒன்று காளை என்றவுடன் விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்றில் ஒன்றாவது காளையாக இருப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். இருபது கன்று பிறந்து அதில் ஆறு, ஏழு காளை என்றால்தான் கேள்வி கேட்க இடமுண்டு. அதற்குத்தான் குச்சியின் எண்ணை எழுதிவைக்கச் சொன்னேன்.

இரட்டைக் கன்று பிறந்தால் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருவில் இரண்டின் இரத்தமும் கலந்து, காளையின் சுரப்புகள் கிடாரியின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது; இரண்டு ஆண்டு தீனி போட்டுப் பருவம் வரவில்லையே என்று காத்திருந்தவர்கள் உண்டு. பிறந்த சில வாரத்தில் மருத்துவர் ஒரு மழுங்கலான மெல்லிய குழாயை எண்ணெய் தடவிப் பிறப்புறுப்பில் மெதுவாகச் செலுத்திப் பார்ப்பார். நல்ல கிடாரியில் அது 12 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே போகும்; மலட்டில் ஐந்தாறு சென்டிமீட்டரிலேயே முட்டிக்கொள்ளும். அப்படி முட்டிய கன்றைக் கிடாரிக் கணக்கில் எழுதாமல், காளைக்கன்றுகளோடு சேர்த்து விற்பனைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.